பசளை மூட்டையும் சீமைக்கிளுவைக் குழையும்

2025 ஆம் ஆண்டு, பெரும்போக அறுவடை முடிந்திருந்த ஒரு மாலைப்பொழுதிலே கட்டைபறிச்சானில் ஒரு வயல்வரம்பின்மீது நின்றுகொண்டிருந்தேன். கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில், மூதூருக்கு அணித்தாக அமைந்தது அவ்வூர். கண்ணுக்கெட்டிய தூரம் புகை படர்ந்திருந்தது. அறுவடை இயந்திரம் வரிசை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போன வைக்கோலுக்கு வயலுக்கு வயல் தீ வைத்திருந்தார்கள். புகைக்கு அப்பால், மேட்டுநிலத்து வளவொன்றின் வேலியிலே சீமைக்கிளுவைக் கதியால்கள் இளஞ்சிவப்புப் பூவோடு நின்றன. பார்ப்பதற்கு அழகிய காட்சிதான். ஆயினும் கிளை வெட்டப்படாத சீமைக்கிளுவையே அவ்வாறு கொத்துக் கொத்தாகப் பூக்கும்; ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குழைக்காக வெட்டப்படும் மரத்திற்குப் பூப்பதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஒரு பசளை எரிந்துகொண்டிருந்தது. மற்றொரு பசளை கேட்பாரற்றுப் பூத்துக்கொண்டிருந்தது.

வயலுக்குரியவர் அறுபதைத் தாண்டியவர். "இந்த வைக்கோலை வயலிலேயே பரப்பிவிட்டால் என்ன?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குழையும் எருவும் போடச் சொல்லி எங்களை ஒருக்கால் கெடுத்தது போதும் ஐயா. பயிரெல்லாம் மஞ்சளாகி நிண்டதை நீங்க பாக்கல்ல."

அந்நேரத்தில் எனக்கு விடை எழவில்லை. காலந்தாழ்த்திக் கூறும் விடையாக இக்கட்டுரையைக் கொள்க.

அவர் சுட்டியது 2021 ஆம் ஆண்டை. 2019 இல் சனாதிபதித் தேர்தலில் நின்ற கோத்தாபய இராசபக்ச வெளியிட்ட கொள்கை விளக்கத்திலே, பத்தாண்டுக் காலத்தில் நாட்டின் வேளாண்மையைச் சேதனப் பசளைக்கு மாற்றுவதாகக் கூறப்பட்டிருந்தது. பத்தாண்டு என்பது மண்ணை அறிந்தவன் சொல்லக்கூடிய கணக்கு. ஆனால் 2021 மே 6 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், இரசாயனப் பசளையின் இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்திவிட்டது. நாட்டிலே அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்தது. வரண்ட வலயத்தைப் பீடித்த சிறுநீரக நோய்க்கு இரசாயனங்களே காரணம் என்ற பேச்சும் பரவியிருந்தது. காரணங்கள் எவையாயினும், பத்தாண்டு வேலை ஒரு போகத்துக்குள் அடக்கப்பட்டது. நவம்பர் இறுதிக்குள் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகப் பயிர் வயலில் நின்றுவிட்டது. கடைகளில் யூரியா இல்லை. 2021-22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வீழ்ந்தது. இடையில், சீனாவிலிருந்து கப்பலேறி வந்த சேதனப் பசளையிலே தீய நுண்ணுயிர்கள் உண்டென்று அது திருப்பப்பட்டதும், திருப்பிய பொருளுக்கே 2022 சனவரியில் 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டதும் நாடறிந்த செய்திகள். எருவை அந்நிய நாட்டிலிருந்து கப்பலில் வருவித்துத் தற்சார்பை வளர்க்க முயன்ற விந்தையை வருங்கால வரலாற்றாசிரியர் எவ்வாறு எழுதுவரோ, அறியேன்.

இத்தோல்வி மக்கள் மனத்தில் பதித்த பாடம்தான் அதனினும் பெரிய கேடு. தடைக்கு முன்னர், இலையும் சாணமும் இருந்தால் எல்லாம் விளையும் என்று மேடைகளிலே பேசினார்கள். தடைக்குப் பின்னர், இலையும் சாணமும் ஏமாற்று வித்தை என்று வயல்களிலே பேசுகிறார்கள். மண்ணின் கணக்கைப் பார்க்காமலே எழுந்தவை இவ்விரு பேச்சுகளும்.

அக்கணக்கைக் காட்டிலிருந்து தொடங்குதல் நன்று. காட்டிற்கு எவரும் பசளை இடுவதில்லை. ஆயினும் காடு தழைக்கிறது. வெப்பநாடுகளின் காட்டிலே, செல்வத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள் இல்லை. மரத்தின் உடம்பிலே இருக்கிறது. இலை உதிர்கிறது, சூட்டிலும் ஈரத்திலும் அது விரைவில் உக்குகிறது, உக்கியதிலிருந்து வெளிப்படும் சத்தை, மழை அடித்துச் செல்லுமுன் மேல்மண்ணில் பின்னிக் கிடக்கும் வேர்கள் பற்றிக்கொள்கின்றன, அச்சத்து மீண்டும் இலையாகிறது. குளிர்நாட்டு மண்ணிலோ உக்கல் மெதுவாக நடைபெறுவதால் சேதனப் பொருள் நூற்றாண்டுக் கணக்கிற் சேர்ந்து கிடக்கும். நம்முடைய மண் சேமிப்புப் பெட்டி வைத்திருக்கவில்லை. அன்றாடம் கைமாறும் காசிலே வாழ்கிறது. கைமாற்றம் நின்றால் அடுத்த மாரியே வறுமை.

நம் முன்னோர் சேனை செய்த முறையிலே இவ்வுண்மை தெளிவாகத் தெரியும். காட்டை வெட்டி எரித்தால் சாம்பலிலே பொற்றாசியமும் கல்சியமும் பொசுபரசும் மண்ணுக்குக் கிடைக்கும். நைதரசனும் கந்தகமும் பெரும்பாலும் புகையோடு போகும். இரண்டு மூன்று ஆண்டு சோளமும் குரக்கனும் நன்கு விளையும். பின்னர் விளைச்சல் குன்றவே நிலத்தைக் காட்டிற்கே விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். காடு பல ஆண்டுகள் எடுத்துச் சேர்த்த முதலை இரண்டு மூன்று ஆண்டில் உண்டுவிட்டு, மீண்டும் சேரட்டும் என்று காத்திருந்த முறை அது. மக்கள் பெருகிக் காத்திருக்கும் காலம் குறுகியபோது அம்முறை இறந்தது.

வயலுக்கு வருவோம். ஓர் எக்டேயரில் ஐந்து தொன் நெல் விளைந்தால், ஏறக்குறைய அதே எடை வைக்கோலும் விளைகிறது. அப்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் நைதரசன் 75 முதல் 100 கிலோ வரை ஆகும். அதில் ஐந்தில் இரண்டு பங்களவு வைக்கோலிலே தங்குகிறது. பொற்றாசியத்திலோ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேதான். நெல்லுக்குள் செல்வது சொற்பம். எனவே ஐந்து தொன் வைக்கோலில் 25 முதல் 40 கிலோ நைதரசனும் 60 முதல் 85 கிலோ பொற்றாசியமும் உள்ளன எனலாம். 50 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் நைதரசன் 23 கிலோ. ஆகவே எக்டேயருக்கு ஒரு மூட்டைக்கு மேற்பட்ட யூரியாவும், ஏறத்தாழ மூன்று மூட்டை பொற்றாசியப் பசளையும் அறுவடைக்குப் பின் வயலிலேயே கிடக்கின்றன. அவற்றிற்கு விலை இல்லை. கப்பல் வாடகை இல்லை. அவற்றைத் தடுக்க எந்த வர்த்தமானியாலும் இயலாது. அவற்றுக்குத்தான் அன்று மாலை தீ வைத்திருந்தார்கள். நைதரசன் அநேகமாக முழுதும் புகையாயிற்று. பொற்றாசியம் சாம்பலில் எஞ்சும். வரிசையாகக் குவிந்த இடத்தில் மட்டும் எஞ்சி, காற்றோடும் முதல் மழையோடும் பெரும்பகுதி போய்விடும்.

நீர் நிற்கும் நெல்வயலின் மண்ணுக்குள் நடைபெறும் இரசாயன மாற்றங்களை உலகிற்கு விளக்கியவர்களுள் தலையாயவர், இலங்கையிற் பிறந்து பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலே பணியாற்றிய பீலிக்ஸ் பொன்னம்பெரும என்பவர். நீரில் ஆழ்ந்த மண்ணின் இரசாயனம் பற்றி 1972 இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையை இன்றும் உலகெங்கும் மண்ணியல் மாணவர் பயில்கின்றனர். வைக்கோலை வயலுக்கே திருப்புதலின் பயனையும் அவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஊர்க்காரர் சொல்லை உலகம் கேட்டது, ஊர் கேட்கவில்லை.

முற்காலத்தில் வைக்கோல் எரிக்கப்படாமைக்கு அறிவு மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சூடு மிதித்தபோது வைக்கோல் களத்திலே குவிந்தது, மாடு தின்றது, மாடு பட்டியிலே கிடந்தது, பட்டி எரு வயலுக்குப் போயிற்று. சுற்று தானாகவே முடிந்தது. இயந்திரம் வந்து வைக்கோலை வயல் நடுவே கொட்டுகிறது. உழவு இயந்திரத்திற் சிக்குகிறது என்பதால் உழவன் அதை எரிக்கிறான். நம் ஊர்களிலே வேறொரு காரணமும் உண்டு. 2006 ஆம் ஆண்டுப் போரிலே மூதூர் கிழக்கின் மக்கள் ஊர்விட்டு ஓடினார்கள். மாட்டுப் பட்டிகள் அவர்களோடு ஓடமுடியவில்லை. மனிதர் மீண்டார்கள், மந்தைகள் அவ்வளவாக மீளவில்லை. சுற்றின் ஒரு கண்ணி அங்கே அறுந்தது.

இனிக் குழையின் கணக்கு. சீமைக்கிளுவை நம் நாட்டு மரமன்று. மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். அங்கே கொக்கோச் செடிக்கு நிழல் தருவதால் 'கொக்கோவின் தாய்' என்று அழைக்கின்றனர். விஞ்ஞானிகள் வைத்த 'கிளிரிசிடியா' என்னும் பெயருக்கோ 'எலிகொல்லி' என்பது பொருள். பட்டையையும் விதையையும் எலிக்கு நஞ்சாக வைப்பார்களாம். தாயும் கொல்லியும் ஒரே மரமாயிருப்பது எனக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது. அவரையினத்தைச் சேர்ந்ததாகையால், அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005 இல் அரசாங்கம் அதனை அறிவித்ததும் உண்டு. நம்முடைய வளவு வேலிக்குக் கதியாலாக வந்த மரத்துக்கு இத்தனை பெருமை!

அதன் இலையை உலர்த்தி நிறுத்தால் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்கு நைதரசன் இருக்கும். பச்சைக் குழையிலே முக்கால்வாசிக்கு மேல் நீர். ஆகவே ஒரு மூட்டை யூரியாவின் நைதரசனைப் பெற ஏறத்தாழ மூன்று தொன் பச்சைக்குழை வேண்டும். எக்டேயருக்கு 100 கிலோ நைதரசனை இலையாலேயே கொடுப்பதாயின் 13 தொன் வெட்டிச் சுமக்க வேண்டும். ஊரிலுள்ள வேலிகளையெல்லாம் மொட்டையடித்தாலும் ஊரின் வயல்களுக்குப் போதாது. கூட்டெருவிலோ நைதரசன் இன்னும் குறைவு. அதுவும் மெல்ல மெல்லவே வெளிப்படும். அன்றியும், வைக்கோல் போன்ற கரிச்சத்து மிகுந்த பொருளை அரைகுறையாக உக்கவைத்துப் பயிர்வேளையிலே வயலில் இட்டால், அதனை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே பறித்துக்கொள்ளும். பயிர் பசித்து நிற்கும். 2021 இல் நெற்பயிர் மஞ்சளானதன் மருமத்திற் பெரும்பகுதி இதுவே. வயற்காரர் கண்டது பொய்யன்று. அவரிடம் எருவைக் கொடுத்தவர்கள் அதன் கணக்கைக் கொடுக்கவில்லை.

அங்ஙனமாயின் மரத்தால் என்ன பயன்? இங்கேதான் மேடைப்பேச்சும் வயற்பேச்சும் ஒருங்கே தவறுகின்றன. மரம் மூட்டைக்குப் பதிலாக வருவதில்லை. மூட்டை கொண்டுவந்ததை ஓடிப்போகாமல் காக்க வருகிறது. கட்டைபறிச்சானின் மேட்டுநிலத்திலே கையால் ஒரு பிடி மண் அள்ளினால் பாதி மணல். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் சனவரிக்கும் இடையே கொட்டித் தீர்க்கிறது. அந்த மழையிலே, நேற்று இட்ட யூரியா நைத்திரேற்றாக மாறிப் பயிரின் வேருக்குக் கீழே இறங்கிவிடும். கத்தரியின் வேரும் மிளகாயின் வேரும் அதைத் துரத்திப் போகமாட்டா. மரத்தின் வேர் போகும். இறங்கியதைப் பிடித்து மேலே ஏற்றி இலையாக்கும். அவ்விலையைக் குழையாக வெட்டித் தாழ்த்தினால், இழந்த பசளையின் ஒரு பகுதி வளவுக்குத் திரும்புகிறது. சீமைக்கிளுவைக் குழை சில வாரங்களிலேயே பாதிக்கு மேல் உக்கிவிடும் இயல்புடையது. எனவே பயிருக்குப் பசியெடுக்கும் வேளை பார்த்து வெட்டவேண்டும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்துவதிலே காட்டிய நுணுக்கம் இத்தகையதே. கொக்கத்தடியைக் கையிலெடுத்த கிழவருக்கு நைத்திரேற்று என்ற பெயர் தெரியாது; எந்தக் கிழமை வெட்டுவது என்பது தெரியும்.

லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் தென்னைகளுக்கிடையே சீமைக்கிளுவை நட்டு ஆராய்ந்தனர். போதிய குழையிட்டால் தென்னையின் நைதரசன் தேவை நிறைவேறும். ஆனால் பொசுபரசும் பொற்றாசியமும் ஒரு பகுதிதான் கிடைக்கும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளாதவர் இத்துறையிற் பேசலாகாது. நைதரசனைக் காற்று தரும். பொசுபரசைக் காற்று தராது. மண்ணில் உள்ளதைத்தான் இலை சுழற்றும். இல்லாததை அது உண்டாக்காது. ஒவ்வொரு நெல்மூட்டையோடும் கொஞ்சம் பொசுபரசு லொறியேறி ஊரை விட்டுப் போகிறது. அது எங்கிருந்தாவது திரும்பி வந்தாகவேண்டும். 1971 இல் எப்பாவலையிலே கண்டறியப்பட்ட அபத்தைற்றுப் பாறை நம்மிடம் உண்டு. அது எளிதிற் கரைவதில்லை. மூன்று நான்கு மாதத்திற் கதிர்விடும் நெல்லுக்கு அவ்வளவு பயன்படாது. ஆண்டுக்கணக்காக நிற்கும் தென்னைக்கும் மற்ற மரங்களுக்கும் பயன்படும். ஆதலால் மரமுள்ள வளவுக்கு உள்ளூர்ப் பாறைத்தூளும் வயலுக்கு இறக்குமதிப் பசளையும் என்று பங்கிட்டால், கப்பலில் வருவது ஓரளவு குறையும். மரமும் வேண்டும், மூட்டையும் வேண்டும் என்று சொல்லுகிறவனுக்கு இருதரப்பிலும் கைதட்டல் கிடைக்காது என்பதை நான் அறிவேன்.

ஆபிரிக்காவிலே மலாவி நாட்டின் மக்கோக்கா ஆய்வுநிலையத்தில் 1990களின் தொடக்கத்திலிருந்து சோளத்தோடு சீமைக்கிளுவையை நட்டுப் பார்த்திருக்கிறார்கள். பசளை வாங்க வகையற்ற ஏழை உழவர்களின் நிலத்தில், குழை வெட்டித் தாழ்த்தியபோது சோளத்தின் விளைச்சல் நன்கு உயர்ந்தது. ஆனால் முதல் ஆண்டிலன்று. மரம் வேரூன்றிக் கிளைவிட்டு வெட்டுக்கு வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டு செல்லும். நம் அரசாங்கம் 2021 மே மாதத்தில் ஆணையிட்டு அவ்வாண்டு ஒக்ரோபர் விதைப்புக்குப் பயனை எதிர்பார்த்தது. இடையிலிருந்தது ஐந்து மாதம்.

மூன்று ஆண்டு என்ற சொல் கட்டைபறிச்சானிலே வேறோர் ஓசையைத் தருகிறது. மூன்று ஆண்டுக்குப் பின்னும் தான் இவ்விடத்திலேதான் இருப்பேன் என்று நம்புகிறவனே மரம் நடுவான். அண்டையிலுள்ள சம்பூரின் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்தபின், 2007 இல் அந்நிலம் உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. பின்னர் இந்தியாவின் துணையோடு 500 மெகாவற்று நிலக்கரி மின்னிலையம் அங்கே எழும் என்றார்கள். சம்பூர் மக்களிற் பலர் கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம்களிலே ஏறத்தாழப் பத்தாண்டு தகரக் கொட்டில்களில் வாழ்ந்தனர். 2015 இலிருந்து நிலங்கள் மீண்டன. 2016 இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. இவ்வாறு பத்தாண்டு அலைக்கழிந்தவனிடம் போய், "மரம் நடு, மண் செழிக்கும்" என்று உபதேசிக்க எனக்கு நா எழவில்லை. நெல் நான்கு மாதத்திற் கைக்கு வரும். யூரியா நான்கு நாளிற் பச்சை காட்டும். நிலையாமையை அறிந்தவன் விரைவானதைத் தேர்வது அறியாமை ஆகாது. மண்வளத்தைப் பற்றிய எந்தத் திட்டமும் நில உரித்துறுதியிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது என் கருத்து.

அதற்கடுத்தது கூலி. 2024 ஆம் ஆண்டுப் பெரும்போகத்திலிருந்து நெற்செய்கையாளருக்குப் பசளை மானியமாக எக்டேயருக்கு 25,000 ரூபா வழங்க அரசாங்கம் முன்வந்தது. வேண்டியதே, 2021 இன் காயம் ஆற அஃது உதவும். ஆனால் அப்பணம் மூட்டை வாங்குவதை மட்டுமே கருதுகிறது. வைக்கோலைப் பரப்புவதற்கும் குழை வெட்டுவதற்கும் ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். இளைஞர் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். தீப்பெட்டிக்குக் கூலி வேண்டாம். மானியத்தில் ஒரு சிறு பங்கை எரிக்காத வைக்கோலுக்கென்று ஒதுக்கி, அறுவடை இயந்திரத்தின் பின்புறத்தில் வைக்கோலை நறுக்கிச் சிதறும் கருவியைப் பொருத்தச் செய்தால், அறிவுரைகளை எல்லாம் மூட்டைகட்டி வைத்துவிடலாம். இது பெரிய தத்துவமன்று. திருகோணமலைக் கச்சேரியிலே ஒரு பிற்பகற் கூட்டத்தில் பேசி முடிக்கக்கூடிய காரியம்.

நான் அங்கிருந்து மீண்ட அவ்வாண்டு முடிவதற்குள், நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. மலைநாட்டிலே சரிவுகள் இடிந்தன, மகாவலி பெருகிற்று, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது, மூதூர், வெருகற் பகுதிகள் வெள்ளக்காடாயின. கொட்டியாரக் குடாவில் விழும் அந்த ஆற்றின் நிறத்தை எண்ணிப் பாருங்கள். நுவரெலியாவின் மேல்மண்ணும் கண்டியின் மேல்மண்ணும் அதிலே கரைந்து வருகின்றன. தாழ்நிலத்தின் சில வயல்களிலே வண்டல் படியும், சிலவற்றிலே வெறும் மணல் மூடும், எஞ்சியது கடலுக்கு. மலையிலே தேயிலைச் சரிவுகளுக்குக் குறுக்கே சீமைக்கிளுவை வரிசை நட்டு மண்ணைத் தடுக்கும் முறை நெடுங்காலமாகவே பரிந்துரைக்கப்படுகிறது. அது அங்கே எவ்வளவு நடப்படுகிறதோ அவ்வளவுக்கு இங்கே வயல் தப்பும்.

வரம்பிலே நின்ற அம்மாலைக்கு மீள்கிறேன். அவருடைய வளவையும் காட்டினார். தென்னையின் கீழே வாழை, வாழையின் ஓரத்தில் தோடை, கிணற்றடியில் கருவேப்பிலை, மூலையிலே முருங்கை, நடுவே ஒரு பெரிய மா. நிலமெங்கும் சருகு. "இதற்கு என்ன பசளை போடுகிறீர்கள்?" என்றேன். "இதுக்கென்ன பசளை? கூட்டுற குப்பை எல்லாம் மரத்தடியிலதான்" என்றார். வயலுக்குப் பொய்யாகிப்போனது வளவிலே மெய்யாக நின்றது. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மனைவியார் தேநீர் கொண்டுவந்தார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. அவருடைய நான்கு வயல் துண்டுகளில் மூன்று கருகிக் கிடந்தன. நான்காவதற்கு அன்று தீ வைக்கவில்லை. காற்று மாறிவிட்டது என்பதே அவர் கூறிய காரணம்.